மரியோவை முடிச்சாச்சா?

தமிழில் "முடிப்பது" என்ற சொல்லுக்கு வேலை ரொம்ப அதிகம். டிகிரி முடிப்பார்கள். கடனை அடைத்து முடிப்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலேயே பேசி முடிப்பார்கள். கோபம் வந்தால் "ஆளையே முடிச்சிடுவேன்" என்பார்கள். 1990-களில் இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "மரியோ முடிச்சிட்டியா?"

ஸ்கூல் வேனிலும் கிரிக்கெட் கிரவுண்டிலும் இந்தக் கேள்வி வந்தால் பதில் பெரும்பாலும் பொய்தான். "ஓ, எப்பவோ முடிச்சிட்டேனே" என்று சொன்னவனிடம் "கடைசியில என்னடா வரும்?" என்று கேட்டால் முழிப்பான். ஒருவன் கல்யாணம் நடக்கும் என்பான். இன்னொருவன் மரியோ ராஜா ஆகிவிடுவான் என்பான். எல்லோரும் விளையாடிய கேம், ஆனால் கடைசியைக் கண்ணால் பார்த்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தாலே பெரிது. இப்போது முப்பதைத் தாண்டிவிட்ட அந்தப் பையன்களும் பெண்களும் அதே கேம்களை மறுபடி எடுத்து, இந்த முறை நிஜமாகவே முடித்துப் பார்க்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மெஷின். "நின்டென்டோ" என்ற பெயரை இங்கே வீட்டில் யாரும் சொன்னதில்லை. அது "டிவி கேம்", அவ்வளவுதான். அதற்குள் போடுவது "கேசட்". ஆனால் அந்தப் பிளாஸ்டிக் டப்பாவின் பூர்வீகம் ஜப்பான். நின்டென்டோ கம்பெனி 1983 ஜூலை 15 அன்று அங்கே ஃபேமிகாம் என்ற மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1985-ல் அதே சரக்கு அமெரிக்காவுக்கு வேறு சட்டை போட்டுக்கொண்டு என்.இ.எஸ். என்ற பெயரில் போனது. உள்ளே இருந்த சிப்பின் வேகம் சுமார் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்யும் நினைவகம் வெறும் 2 கிலோபைட். இன்று ஒரு ஃபார்வர்டு மெசேஜே அதைவிடப் பெரிதாக வருகிறது.

அந்த மெஷினைப் பிரித்துப் பார்த்து, தைவானிலும் சீனாவிலும் காப்பி அடித்தார்கள். போகப் போக மொத்த மெஷினையும் ஒரே சிப்புக்குள் அடக்கி, போர்டு மேல் கறுப்புப் பொட்டு வைத்தது போல ஒட்டிவிட்டார்கள். விலை விழுந்தது. ரஷ்யாவில் அது 1992 முதல் டென்டி. சீனாவில் சுபோர். இந்தியாவில் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர். மாஸ்கோ பையனும் மயிலாப்பூர் பையனும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே பள்ளத்தில் விழுந்து செத்தார்கள் என்றால் காரணம் இதுதான்.

பெருங்களத்தூர்க்காரர்களுக்கு இந்தச் சரக்கு வாங்குவதற்கு வழி சுலபம். பீச் போகும் ரயிலில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரை தூங்கிவிட்டு, வெளியே வந்தால் பர்மா பஜார். மெஷின் ரிப்பேர் என்றால் மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட். "இது ஒரிஜினலா?" என்று கேட்டால் கடைக்காரர் பார்க்கிற பார்வையிலேயே பதில் இருக்கும்.

கேசட் சமாசாரம் இன்னும் வேடிக்கை. அட்டையில் "9999 இன் 1" என்று போட்டிருக்கும். வீட்டுக்கு வந்து எண்ணினால் உருப்படியாகப் பத்துப் பதினைந்து கேம் தேறும். அதே மரியோ வேறு ஸ்டேஜிலிருந்து ஆரம்பிக்கும், அதற்கு ஒரு நம்பர். அதே கான்ட்ரா கையில் வேறு துப்பாக்கியோடு ஆரம்பிக்கும், அதற்கு ஒரு நம்பர். பி.காம். படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரிகிற மாதிரி சொன்னால், ஒரே கட்டிடத்தை ஐநூறு தடவை பேலன்ஸ் ஷீட்டில் எழுதிச் சொத்து மதிப்பைக் காட்டுவது. ஆடிட்டர் மட்டும் வரவில்லை. வந்திருந்தாலும் டாங்க் கேம் ஆட உட்கார்ந்திருப்பார் :-)

கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதுவது அகில உலக வைத்தியம். அதில் உண்மை என்னவென்றால், ஊதியதால் அது ஓடவில்லை. வெளியே எடுத்து மறுபடி சொருகும்போது அந்த 60 பின்னும் புதிதாகத் தொட்டுக்கொள்வதால்தான் ஓடியது. எச்சில் ஈரம் பட்டுப் பின்கள் துருப்பிடித்ததுதான் மிச்சம். இப்போது பழைய கேசட் கையில் கிடைத்தால் தயவுசெய்து ஊதாதீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

சரி, முடிக்கிற விஷயத்துக்கு வரலாம்.

எல்லா கேமுக்கும் முடிவு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இல்லாத முடிவைத் தேடிக் கோடை விடுமுறைகளைத் தொலைத்தவர்கள் உண்டு. டாங்க் கேம் என்று இங்கே எல்லோரும் சொல்கிற பேட்டில் சிட்டி (நாம்கோ, 1985) 35 ஸ்டேஜ் போகும். 36-வது வந்தால் ஏதோ பெரிய டாங்க் வரும் என்று எதிர்பார்த்தால், பழைய மேப்பே மறுபடி வரும். சுற்றிச் சுற்றிச் செக்கு மாடு. கேலக்சியனும் அப்படித்தான், சாகிறவரை சுட வேண்டியதுதான்.

டெட்ரிஸ் இன்னும் கொடுமை. என்.இ.எஸ். டெட்ரிஸில் 29-வது லெவல் வந்ததும் கட்டைகள் விழுகிற வேகத்தில் மனிதக் கை ஈடுகொடுக்காது, அதுதான் முடிவு என்று வருஷக் கணக்காக நம்பியிருந்தார்கள். புதிய தலைமுறைப் பிள்ளைகள் பட்டனை அழுத்துவதற்கே புதுப் புது முறைகளைக் கண்டுபிடித்து அந்தச் சுவரைத் தாண்டினார்கள். 2023 டிசம்பர் 21 அன்று வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயது அமெரிக்கப் பையன் 157-வது லெவல் வரை போனான். அங்கே கேம் தாங்காமல் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. செய்தவர்கள் முடிவே வைக்காத கேமுக்கு ஒரு பையன் முடிவு கட்டினான். மனிதன் மெஷினை முடிப்பது என்றால் சொல்லுக்குச் சொல் இதுதான்.

மரியோவுக்கு முடிவு உண்டு. சூப்பர் மரியோ பிரதர்ஸ், 1985 செப்டம்பர் 13. ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தேசுகாவும் வடிவமைத்தது, கோஜி கொண்டோ இசை. எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு ஸ்டேஜ், மொத்தம் 32. இத்தனையும் 40 கிலோபைட்டில். இடம் பற்றாமல் மேகத்துக்கும் செடிக்கும் ஒரே படத்தைப் போட்டு, ஒன்றுக்கு வெள்ளையும் மற்றொன்றுக்குப் பச்சையும் பூசியிருக்கிறார்கள். அடுத்த தடவை ஆடும்போது பாருங்கள். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும்.

மரியோவில் சேவ் கிடையாது. இந்த ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஒரே உட்காரலில் எட்டு உலகத்தையும் முடிக்க வேண்டும். அந்த ஒரே உட்காரலுக்கு இடைஞ்சல்கள் எத்தனை! கரண்ட் போகும். 2012-ல் சென்னையிலேயே தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு, மற்ற ஊர்களில் அதைவிடப் பல மடங்கு. அது அட்டவணை போட்டு வந்த கட். அட்டவணை இல்லாமல் வந்தவற்றுக்குக் கணக்கே இல்லை. ஏழாவது உலகத்தில் இருக்கும்போது ஃபேன் மெதுவாகும் சத்தம் கேட்டால் வயிற்றில் ஏதோ கரைகிற மாதிரி இருக்கும். ஃபேன் நிற்பதற்கு முன்பே டிவி இருண்டிருக்கும். அடாப்டர் சூடாகும், தோசைக்கல் மாதிரி. அப்பா செய்தி பார்க்க வருவார். அம்மாவுக்குச் சீரியல். எல்லோருக்கும் ஒரே டிவி.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனிக் கதை இருக்கிறது. 2006-ல் அன்றைய தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக்கு ஒரு 14 இஞ்ச் கலர் டிவி. திட்டம் சரியா தவறா என்று அரசியல் பேசுகிறவர்கள் பேசட்டும். ஆனால் ஏற்கெனவே டயனோராவோ சாலிடேரோ இருந்த வீடுகளுக்கு அது இரண்டாவது டிவி. அம்மாவின் சீரியல் ஹாலிலும் மரியோ உள் ரூமிலும் ஒரே நேரத்தில் ஓடியது அதற்குப் பிறகுதான். அந்த ஏற்பாட்டால் தமிழ்நாட்டில் எத்தனை கேம்கள் முடிந்தன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை, எடுத்திருக்க வேண்டும்.

குறுக்கு வழிகளும் இருந்தன. 1-2 ஸ்டேஜில் கூரை மேல் ஏறி, வெளியே போகும் குழாயைத் தாண்டி ஓடினால் மூன்று குழாய்கள். அங்கிருந்து நேராக நான்காம் உலகம். 4-2-வில் மறைந்திருக்கும் கட்டைகளை முட்டி எடுத்து, அதில் ஏறி, கொடியைப் பிடித்து மேலே போனால் எட்டாம் உலகம். ஆக 32 ஸ்டேஜில் எட்டை மட்டும் ஆடி முடிக்கலாம். இதே பாதையில் 2021-ல் நிஃப்ட்ஸ்கி என்ற பெயரில் ஆடுகிறவர் 4 நிமிடம் 55 நொடிக்குள் முதன்முதலாக முடித்தார். ஒரு டீ ஆறுகிற நேரம்.

குறுக்கு வழி பேராசைக்கும் கணக்கு வைத்திருக்கிறது மரியோ. 3-1-ன் கடைசிப் படிக்கட்டில் ஆமையை மிதித்து மிதித்து லைஃப் ஏற்றலாம் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் 127-க்கு மேல் ஏற்றினால் உள்ளே இருக்கும் எண் மைனஸாகிவிடும். அடுத்த தடவை செத்தால் நேராக கேம் ஓவர். நூறு லைஃப் சேர்த்த பணக்காரன் ஒரே அடியில் திவால்.

எட்டாம் உலகம் வந்தவர்களிலும் பாதிப் பேர் 8-4-ல் நின்றுவிடுவார்கள். அது கோட்டை மட்டுமல்ல, குழாய்களால் ஆன புதிர். தப்பான குழாயில் இறங்கினால் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவீர்கள். நேராக ஓடினாலும் திரும்பத் திரும்ப அதே இடம்தான் வரும். எந்தத் தப்பும் நடந்ததாக கேம் சொல்லாது. டைம் மட்டும் குறைந்துகொண்டே வரும். எந்தக் குழாய் என்று சொல்ல அப்போது இன்டர்நெட் கிடையாது. பக்கத்துத் தெரு அண்ணன் யாருக்காவது தெரிந்திருந்தால் உண்டு. அவரும் ஒரு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தால்தான் சொல்லுவார்.

அதையும் தாண்டினால் பாலத்தில் டிராகன், பின்னால் கோடாரி, அப்புறம் ராணி. அவள் நன்றி சொல்கிறாள். உன் பயணம் முடிந்தது என்கிறாள். அடுத்த வரியிலேயே, இந்தா உனக்கு இன்னொரு பயணம் என்கிறாள்! மறுபடி 1-1. இந்தத் தடவை பொடிநடை போடும் காளான்களுக்குப் பதில், நெருப்புக்கும் அசையாத வண்டுகள். கல்யாணம் கிடையாது, ராஜ்ஜியம் கிடையாது. சி.ஏ. ஃபவுண்டேஷன் முடித்தவனுக்கு இன்டர், இன்டர் முடித்தவனுக்கு ஃபைனல் என்று வருகிற மாதிரி, முடித்ததற்குப் பரிசு அதைவிடக் கஷ்டமான பரீட்சை.

கான்ட்ராவின் கதை வேறு. மரியோ ஒரு ஆள் கேம். இரண்டு பேர் என்று போட்டாலும் ஒருவர் செத்தால்தான் அடுத்தவர் ஆட முடியும். கான்ட்ராவில் இருவரும் ஒரே திரையில் ஒரே நேரத்தில் ஓடலாம். 1987-ல் காசு போட்டு ஆடும் கடை மெஷினில் வந்தது, 1988-ல் ஃபேமிகாமுக்கு வந்தது. எட்டு ஸ்டேஜ். நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஒரு குண்டு பட்டாலே ஒரு லைஃப் காலி என்று வைத்திருந்ததால்தான் அது மாதக்கணக்கில் நீண்டது. இது வியாபார புத்தி. கடை மெஷினில் ஆள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். வீட்டுக்கு வந்தபோது காசுப் பெட்டி போய்விட்டது, ஆனால் சாகடிக்கிற பழக்கம் போகவில்லை. கையில் இருக்கிற கொஞ்சம் சரக்கை நிறைய நாள் ஓட்ட வேறு வழி?

முப்பது லைஃப் தரும் மேலே-மேலே-கீழே-கீழே மந்திரமும் இப்படிப்பட்ட கஷ்டத்தில் பிறந்ததுதான். கோனாமியில் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர் 1986-ல் கிரேடியஸ் என்ற கேமை ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க வேண்டும், ஆனால் அவராலேயே அதை ஆடி முடிக்க முடியவில்லை. ஆகவே எல்லா ஆயுதமும் ஒரே தடவையில் வருகிற மாதிரி தனக்கென்று ஒரு ரகசியப் பட்டன் வரிசை வைத்துக்கொண்டார். அது அப்படியே கேசட்டுக்குள் போய் உலகம் பூராவும் பரவியது. கான்ட்ராவில் அதுவே முப்பது லைஃப். 2020-ல் அவர் இறந்தபோது எங்கெங்கோ இருந்தவர்கள் அந்தப் பட்டன் வரிசையை எழுதி அஞ்சலி செலுத்தினார்கள். கேமைச் செய்தவருக்கே முடிக்க முடியாததைப் பத்து வயதுப் பையனால் முடிக்க முடியவில்லை என்றால் அதில் என்ன வெட்கம்?

கான்ட்ராவில் இரண்டு விஷயங்கள் அண்ணன் தம்பி உள்ள வீடுகளில் பெரிய பஞ்சாயத்தைக் கொண்டுவந்தன. ஒன்று, கடன். ஒருவருடைய லைஃப் தீர்ந்துவிட்டால் பட்டனை அழுத்தி அடுத்தவருடைய லைஃபை எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியதில்லை, திருப்பித் தர வழியே இல்லை. எந்த வங்கியும் இப்படிக் கடன் கொடுக்காது. இரண்டாவது, மூன்றாம் ஸ்டேஜ் அருவி. அங்கே திரை மேல்நோக்கித்தான் நகரும். ஒருவர் வேகமாக மேலே தாவினால் திரையும் மேலே போய்விடும், கீழே நின்றவர் குண்டே படாமல் செத்துப்போவார். எதிரியால் அல்ல, கூட வந்தவரின் அவசரத்தால்.

புதுப் பெருங்களத்தூரில் ஒரு வீடு. இரண்டு பையன்கள், நான்கு வயது வித்தியாசம். மாலை நேரத்தில் அந்த வீட்டிலிருந்து தெருவுக்குக் கேட்டது ஒரே சத்தம்தான். "அண்ணா, இருண்ணா! நான் இன்னும் கீழ இருக்கேன்!" அண்ணன் இருக்க மாட்டான். தம்பி சாவான். அப்புறம் அண்ணனுடைய லைஃபையே கடன் வாங்கிக்கொண்டு மறுபடி இறங்குவான். இப்படி ஆறாவது ஸ்டேஜுக்கு மேல் அவர்கள் போனதே இல்லை. அண்ணன் பத்தாவது வந்ததும் மெஷின் பரண் மேல் ஏறியது. பப்ளிக் எக்ஸாம் எத்தனையோ கேம்களை முடித்து வைத்திருக்கிறது, வேறு அர்த்தத்தில்.

அண்ணன் வேலைக்காக துபாய் போனான். தம்பி பி.காம். முடித்து ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே ஒரு ஆபீஸில் ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறான். (ரோடு கிராண்ட் சதர்ன் ட்ரங்க், வரி வேறு. இரண்டிலுமே நெரிசல்தான்.) அப்பா தவறிப்போன வருஷம், வீட்டைக் காலி செய்து சாமான்களை ஒதுக்கும்போது பரணில் மெஷின் கிடைத்தது. அந்த 14 இஞ்ச் டிவியையும் அம்மா பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் வைத்திருந்தார். மாசம் இருபதாம் தேதிக்குள் ரிட்டர்ன் எல்லாம் போட்டுவிட்டு, மிச்ச நாட்களில் ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு அவன் மரியோ ஆட ஆரம்பித்தான். இரண்டு மாசத்தில் முடித்தான். திரையை போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினான். வந்த பதில் ஒரே வரி: "முழுசா போனியா, குழாய்ல குறுக்கால போனியா?"

குறுக்காலதான். மறுபடி ஆடினான். 32 ஸ்டேஜும். அதற்கு இன்னும் மூன்று மாசம்.

கான்ட்ராவை மட்டும் அவன் தொடவில்லை. அண்ணன் பொங்கலுக்கு லீவில் வந்தபோதுதான் அந்தக் கேசட் உள்ளே போனது. வேடிக்கை என்னவென்றால் இப்போது தம்பி கை தேறிவிட்டது, அண்ணனுக்குப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. அருவி ஸ்டேஜில் தம்பி கடகடவென்று ஏறுகிறான். கீழேயிருந்து சத்தம்: "டேய், இருடா! நான் கீழ இருக்கேன்டா!" சமையல்கட்டில் இருந்த அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாராம். மூன்று ராத்திரி, இருவரும் மாறி மாறிக் கடன் வாங்கி, எட்டாவது ஸ்டேஜில் அந்த ஏலியன் இதயத்தை உடைத்தார்கள். ஹெலிகாப்டர் பறந்தது, தீவு வெடித்தது, பெயர்கள் ஓடின. உடனே முதல் ஸ்டேஜ் மறுபடி ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் அண்ணனுக்கு ஃப்ளைட். டிவியை அணைத்துவிட்டுப் படுத்தார்கள்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி. இன்று இதெல்லாம் ரொம்ப சுலபம். 2016-ல் நின்டென்டோவே முப்பது கேம் அடங்கிய குட்டி மெஷின் விட்டது, நினைத்த இடத்தில் சேவ் பண்ணலாம். ஸ்விட்ச் மெஷினில் 2019 முதல் பழைய கேம்களைப் பின்னோக்கி ஓட்டவே செய்யலாம், பள்ளத்தில் விழுந்த மரியோ அப்படியே மேலே எழும்பி வருவான். சில நூறு ரூபாய்க்குக் கையடக்கமாக "400 இன் 1" கிடைக்கிறது. அப்படி ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு சேவ் போட்டு முடித்தால், அது முடித்ததாகுமா?

ஆகாது என்று சட்டமெல்லாம் போட முடியாது. எட்டு மணி நேர வேலை, இரண்டு மணி நேர ரயில், குழந்தை, ஈ.எம்.ஐ. என்று இருக்கிறவருக்கு ஒரே உட்காரலில் 32 ஸ்டேஜ் என்பது நடக்கிற காரியமில்லை. பத்து வயதில் திறமை இல்லை, நேரம் இருந்தது. முப்பத்தைந்தில் திறமை வரும், நேரம் வராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சேவ் இல்லாத காலத்தில் ஒவ்வொரு லைஃபுக்கும் ஒரு விலை இருந்தது. தோற்றால் எதை இழக்கிறோம் என்று தெரிந்ததால்தான் அந்த நாலாவது குழாய், அந்த மூன்றாவது சுத்தியல் எல்லாம் இன்னும் விரல்களுக்கு ஞாபகம் இருக்கிறது. விலை பூஜ்ஜியம் ஆனால் சரக்கின் மேல் மரியாதையும் பூஜ்ஜியம் ஆகிறது. ஐயாயிரம் கேமை ஒரு கார்டில் ஏற்றி வைத்துக்கொண்டு, மெனுவை மேலும் கீழும் உருட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். கையில் பத்து கேம் இருந்தவன் ஒன்றையாவது முடிக்கப் பார்த்தான். ஐயாயிரம் இருக்கிறவன் எதையும் ஆரம்பிப்பதே இல்லை.

ஆகவே முடிக்க நினைக்கிறவர்களுக்குச் சில யோசனைகள்.

ஒரே ஒரு கேமை எடுங்கள். மற்றவற்றை அழித்தாலும் தப்பில்லை. மரியோவில் உலகத்துக்கு ஒரு சேவ் என்று வைத்துக்கொள்ளுங்கள், எட்டு உலகத்துக்கு எட்டு. அதற்கு மேல் கிடையாது. உண்மையைச் சொன்னால் அந்தச் சலுகை பழைய கேசட்டிலேயே உண்டு. கேம் ஓவர் ஆனதும் முதல் திரையில் ஏ பட்டனைப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் அழுத்தினால், செத்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து ஆரம்பிக்கும். அந்தக் காலத்தில் தெரிந்திருந்தால் எத்தனை அழுகை மிச்சமாகியிருக்கும்!

கேம் முன்பைவிட வேகமாக ஓடுகிறதே, வயசாகிவிட்டதோ என்று கவலைப்படாதீர்கள். நிஜமாகவே வேகம்தான். ஜப்பான், அமெரிக்க மெஷின்கள் நொடிக்கு 60 திரை காட்டும். இந்தியா போன்ற பால் முறை நாடுகளின் டிவிக்காகச் செய்த காப்பி மெஷின்கள் நொடிக்கு 50. இங்கே பார்த்தது மெதுவான மரியோ. இப்போது ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடுவது பெரும்பாலும் அசல் வேகம்.

வாத்துச் சுடும் துப்பாக்கி எல்.ஈ.டி. டிவியில் வேலை செய்யவில்லை என்று ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். துப்பாக்கியில் பழுது இல்லை. நீங்கள் சுட்டதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்ததா என்பதுதான் கணக்கு. பழைய குண்டு டிவி படத்தை வரைகிற வேகத்தை நம்பி அது செய்யப்பட்டது. புது டிவி ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்தாலும் நாய் சிரித்துவிடும். தாவும் கேம்களிலும் அந்தத் தாமதம் காலை வாரும், டிவியில் கேம் மோடு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பரணில் அந்த இலவச டிவி இன்னும் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

கான்ட்ராவை மட்டும் தனியாக ஆடாதீர்கள். முப்பது லைஃப் மந்திரத்தைத் தாராளமாகப் போடுங்கள், செய்தவரே போட்டுக்கொண்டதுதான். ஆனால் கூட ஆட ஒரு ஆளைக் கூப்பிடுங்கள். முன்பு ஆடிய அதே ஆள் கிடைத்தால் ரொம்ப விசேஷம். கடன் கேட்டால் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள்.

அருவி ஸ்டேஜ் வந்தால் கொஞ்சம் நின்று ஏறுங்கள்.